ஐந்தில் ஒன்று அயல்: ஸ்டெஃபான் ஐவர் குழுவைச் சிறிய தொலைநோக்கியில் படம்பிடித்த நிகழ்வு ஆய்வு

பெகாசஸ் பகுதியில், முழு நிலவின் விட்டத்தில் ஏழில் ஒரு பங்குகூட வராத இடத்துக்குள் ஐந்து கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிகின்றன. 1877-இல் மார்சேய் வான் ஆய்வகத்தில் இருந்த 80 செ.மீ. தொலைநோக்கியால் எட்வார் ஸ்டெஃபான் கண்டுபிடித்ததால் இதற்கு ஸ்டெஃபான் ஐவர் என்று பெயர். என்ஜிசி என்ற வானியல் பட்டியலில் 7317, 7318ஏ, 7318பி, 7319, 7320 ஆகிய எண்கள் கொண்டவைதான் அந்த ஐந்து. 2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் வண்ணப் படங்கள் வெளிவந்தபோது அவற்றில் இந்தக் குழுவும் இருந்தது. அப்போதிருந்து இதைத் தெரியாத வானியல் ஆர்வலர் குறைவு.

ஆனால் ஐந்தும் ஒரே குடும்பம் இல்லை. 1961-இல் வானியலாளர்கள் மார்கரெட் பர்பிட்ஜும் ஜெஃப்ரி பர்பிட்ஜும் இவற்றின் செம்பெயர்ச்சியை (விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம், அதாவது நீண்ட அலைநீளத்துக்கு நகர்வதை) அளந்தபோது, என்ஜிசி 7320 மட்டும் விநாடிக்குச் சுமார் 800 கி.மீ. வேகத்தில் விலகிச் செல்வது தெரிந்தது. மற்ற நான்கின் வேகம் 5,700 முதல் 6,700 கி.மீ. வரை. தொலைவாகச் சொன்னால், 7320 சுமார் 4 கோடி ஒளியாண்டில் இருக்கிறது. மற்றவை 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். நம் பார்வைக் கோட்டில் குறுக்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: 150 மி.மீ. தொலைநோக்கியால் எடுக்கும் படத்திலேயே இந்த அயல் கேலக்ஸியை அடையாளம் காட்ட முடியுமா? புத்தகத்தில் படித்ததைப் படத்தின் மேல் அம்புக்குறி போட்டு எழுதுவது வேறு. படமே அதைச் சொல்ல வேண்டும்.

நிறத்தைப் பார்த்தால் போதாதா?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் நிறம். வண்ணப் படத்தில் 7320 நீலமாக இருக்கும், மற்றவை மஞ்சளாக இருக்கும், ஆகவே அது அருகில் உள்ளது என்பார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. இளம் நட்சத்திரங்கள் உருவாகும் சுருள் கேலக்ஸி எந்தத் தொலைவில் இருந்தாலும் நீலமாகத்தான் இருக்கும். 7318பி-யின் கைகளும் நீலமே. அது 29 கோடி ஒளியாண்டுக் குழுவைச் சேர்ந்தது. 7317-உம் 7318ஏ-யும் நீள்வட்ட வகை, அதனால் மஞ்சள். நிறம் கேலக்ஸியின் வகையைச் சொல்கிறதே தவிரத் தொலைவைச் சொல்வதில்லை.

வேகத்தை நேரடியாகத் தொடும் ஒன்று வேண்டும். நிறமாலைமானி இல்லாமல் அதற்கு வழி உண்டா என்று யோசித்தபோது, நெபுலா படம் எடுப்பவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் இரண்டு குறுகலைவரிசை ஃபில்டர்களே (மிகக் குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விடுபவை) கைகொடுத்தன.

ஹைட்ரஜன் வாயு வெளியிடும் சிவப்பு ஒளியான ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில் வருகிறது. விநாடிக்கு 786 கி.மீ. வேகத்தில் விலகும் 7320-இல் இருந்து கிளம்பும் அதே ஒளி, நம்மிடம் வரும்போது 658.0 நானோமீட்டராக இருக்கும். 7 நானோமீட்டர் அகலமுள்ள ஹைட்ரஜன் ஃபில்டர் ஏறக்குறைய 652.8 முதல் 659.8 வரை விடும். ஆக 7320-இன் ஒளி உள்ளே வந்துவிடும். 6,600 கி.மீ. வேகத்தில் ஓடும் மற்றவற்றின் ஹைட்ரஜன் ஒளியோ 670.7-க்குப் போயிருக்கும், அந்த ஃபில்டரின் கதவு அதற்கு முழுசாக மூடியிருக்கும்.

இதைவிடச் சுவையான விஷயம், 670.7 என்பது சல்ஃபர் ஃபில்டருக்குள் விழுகிறது. சல்ஃபரின் இரட்டைக் கோடுகள் 671.6, 673.1 நானோமீட்டரில் இருப்பதால், 7 நானோமீட்டர் ஃபில்டர் சுமார் 669 முதல் 676 வரை விடும். நம் பால்வெளியின் நெபுலாக்களில் சல்ஃபரைப் பிடிக்கச் செய்த கண்ணாடி, இந்தத் தொலைதூரக் குழுவின் ஹைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. ஒரு ஃபில்டரில் அருகில் உள்ளதன் வாயு, இன்னொன்றில் தொலைவில் உள்ளவற்றின் வாயு. இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதே இந்த முயற்சி செய்யத் தகுந்தது என்று தோன்றிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்போது 3 நானோமீட்டர் ஃபில்டர்களுக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் இந்த வேலைக்கு அவை உதவாது. 3 நானோமீட்டர் ஃபில்டர் 657.8-இலேயே நின்றுவிடும், 7320-இன் 658.0 வெளியே போய்விடும். போதாக்குறைக்கு, வேகமான தொலைநோக்கியில் சாய்வாக வரும் கதிர்களால் ஃபில்டரின் சாளரம் நீலப் பக்கம் கொஞ்சம் நகரும். 7 நானோமீட்டரில் அந்த நகர்வைத் தாங்க இடம் இருக்கிறது. கேலக்ஸி ஹைட்ரஜனைப் பிடிக்க நினைப்பவர்கள் ஃபில்டர் வாங்கும் முன் தங்கள் இலக்கின் வேகத்தைப் பார்த்து இந்தப் பெருக்கலைப் (656.3-ஐ வேகத்தால் பெருக்கி ஒளியின் வேகத்தால் வகுத்தால் வருவது நகர்வு) போட்டுவிடுவது நல்லது.

கருவியும் சட்டகமும்

150 மி.மீ. நியூட்டோனியன், குவியத் தூரம் 750 மி.மீ., கோமா திருத்தி (ஓரத்து நட்சத்திரங்கள் வால் போல இழுபடுவதைச் சரிசெய்யும் லென்ஸ்), வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும், கைடிங்குடன் கூடிய ஈக்வடோரியல் மவுண்ட், குளிரூட்டப்பட்ட கருப்பு-வெள்ளை கேமரா. பிக்சல் அளவு 3.76 மைக்ரான் என்பதால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 1 விகலை (டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) வருகிறது. குழு முழுவதும் 4 கலைக்குள் (ஒரு கலை 60 விகலை) அடங்கிவிடும், அதாவது சுமார் 240 பிக்சல். சிறியதுதான், ஆனால் ஒவ்வொரு கேலக்ஸியையும் பிரித்துப் பார்க்கப் போதும்.

குவியத் தூரத்தை பார்லோ லென்ஸ் போட்டு இழுக்கலாமே என்று கேட்கலாம். வேண்டாம் என்பது என் முடிவு. காற்றின் நடுக்கமே நட்சத்திரத்தை 2.5 முதல் 3 விகலை வரை பரப்பிவிடும்போது, படத்தைப் பெரிதாக்கினால் புது விவரம் எதுவும் வராது. ஒளிதான் மெலிந்துபோகும். அதோடு அகலமான சட்டகத்தால் எனக்கு இன்னொரு பெரிய லாபம் இருந்தது. குழுவுக்கு வடக்கே அரை டிகிரி தள்ளி, சற்றுக் கிழக்காக, என்ஜிசி 7331 என்ற பெரிய சுருள் கேலக்ஸி இருக்கிறது. அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 816 கி.மீ., கிட்டத்தட்ட 7320-க்கு இணை. என் சட்டகம் 1.8 டிகிரிக்கு 1.2 டிகிரி என்பதால் இரண்டும் ஒன்றாக விழுந்தன. 7320-இல் ஹைட்ரஜன் தெரிகிறது என்று நான் சொன்னால், அதே ஃபில்டரில், அதே இரவில், அதே ஃப்ரேமில் 7331-இன் கைகளிலும் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் என் படம் தப்பு. இப்படி ஒரு சாட்சி சட்டகத்துக்குள்ளேயே கிடைப்பது அபூர்வம்.

இடத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. பூரட்டாதியின் இரண்டும் உத்திரட்டாதியின் இரண்டும் சேர்ந்த பெரிய சதுரத்தின் வடமேற்கு மூலைக்கு அருகே ஈட்டா பெகாசி இருக்கிறது. அங்கிருந்து நாலரை டிகிரி போல வடக்கே, கொஞ்சம் மேற்காகப் போனால் 7331. அதைச் சட்டகத்தின் மேல் பாதியில் வைத்தால் குழு கீழ்ப் பாதியில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஒளி சேகரித்தது

கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறங்களையும் விடும் லூமினன்ஸ் ஃபில்டரில் ஒவ்வொரு ஃப்ரேமும் (தனிப் படமும்) 120 விநாடி, மொத்தம் சுமார் 5 மணி நேரம். சிவப்பு 2 மணி நேரம், பச்சையும் நீலமும் அதற்குக் கொஞ்சம் குறைவு. குறுகலைவரிசையில் ஃப்ரேமுக்கு 300 விநாடி. ஹைட்ரஜன் சுமார் 8 மணி நேரம், சல்ஃபர் 9.

இரண்டுக்கும் ஏன் வேறு வேறு ஃப்ரேம் நேரம்? வானத்தின் இரைச்சல் கேமராவின் வாசிப்பு இரைச்சலை (ஒவ்வொரு ஃப்ரேமையும் படிக்கும்போது மின்சுற்று சேர்க்கும் இரைச்சலை) மூழ்கடிக்கும் அளவுக்கு ஒரு ஃப்ரேம் நீண்டால் போதும். அதற்கு மேல் நீட்டுவதால் பலன் இல்லை. லூமினன்ஸில் அந்த அளவு சீக்கிரம் வந்துவிடுகிறது. 7 நானோமீட்டர் ஃபில்டரோ லூமினன்ஸ் விடும் அலைநீளத்தில் சுமார் நாற்பதில் ஒரு பங்கைத்தான் விடுகிறது. வானம் கறுத்துவிடும், வாசிப்பு இரைச்சல் மேலோங்கும். அதனால் ஃப்ரேமை நீட்டியே ஆக வேண்டும். லூமினன்ஸும் வண்ணமும் நிலவில்லாத இரவுகளில் எடுத்தவை. அரை நிலவு உள்ள இரவுகளைக் குறுகலைவரிசைக்கு ஒதுக்கினேன்.

டிதரிங் (ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தொலைநோக்கியைச் சற்றே நகர்த்துவது), டார்க் (கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க ஒளி படாமல் எடுப்பது) எல்லாம் வழக்கம்போல. ஃப்ளாட் (தூசி, ஓர மங்கல் ஆகியவற்றைச் சரிசெய்யச் சீரான ஒளியில் எடுக்கும் படம்) விஷயத்தில் மட்டும் கறார் தேவை. ஒவ்வொரு ஃபில்டருக்கும், கேமராவைக் கழற்றாமல் தனித்தனி ஃப்ளாட் எடுத்தேன். ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கப் போகிறோம். ஒரு ஃபில்டரின் மேல் உள்ள தூசியின் வளையம் சரியாக நீங்காவிட்டால், கழித்தபின் அது ஒளிரும் வாயு போலவே நிற்கும்.

ஃபோகஸும் அப்படித்தான். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கும். ஃபில்டரின் தடிமனும் ஒன்றுக்கொன்று மாறும். ஃபில்டர் மாறும்போதெல்லாம், அது இல்லாவிட்டாலும் மணிக்கு ஒரு தடவை, ஃபோகஸ் பார்த்தேன்.

கழித்தல்

ஹைட்ரஜன் ஃபில்டரில் எடுத்த படத்தில் தெரிவதெல்லாம் ஹைட்ரஜன் இல்லை. அந்த 7 நானோமீட்டருக்குள் சாதாரண நட்சத்திர ஒளியும் வருகிறது. அதனால் ஹைட்ரஜன் கதவு மூடியிருந்தாலும் ஐந்து கேலக்ஸிகளும் படத்தில் இருக்கும். நட்சத்திர ஒளியை நீக்கினால்தான் வாயு மட்டும் மிஞ்சும். அதற்கு அகலமான சிவப்பு ஃபில்டர் படத்தைச் சரியான விகிதத்தில் சுருக்கிக் கழிக்க வேண்டும். சிவப்பு ஃபில்டருக்குள்ளும் அந்த ஹைட்ரஜன் கோடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 100 நானோமீட்டர் அகலத்தில் அது கரைந்துபோவதால் இழப்பு சொற்பம்.

அந்த விகிதத்தை எப்படித் தீர்மானிப்பது என்பதில்தான் இந்த ஆய்வின் நேர்மை இருக்கிறது. கேலக்ஸியைப் பார்த்துக்கொண்டே ஸ்லைடரை நகர்த்தினால் நமக்கு வேண்டிய முடிவு எதையும் வரவழைத்துவிடலாம். நான் கேலக்ஸிகளை மறைத்துவிட்டு, நடுத்தர மஞ்சள் நிறமுள்ள நட்சத்திரங்களை மட்டும் எடுத்து, அவை சராசரியாக மறையும் விகிதத்தைக் கண்டு அதையே நிலையாக வைத்தேன். அப்புறம்தான் கேலக்ஸிகளைத் திறந்து பார்த்தேன். முதலில் பார்த்தது 7317-ஐயும் 7318ஏ-யையும். நீள்வட்டக் கேலக்ஸிகளான இவற்றில் ஹைட்ரஜன் ஒளிர்வு சொல்லிக்கொள்ளும்படி இருக்கக் கூடாது. இரண்டும் பின்னணி இரைச்சலோடு கலந்து மறைந்திருந்தன. அதேபோல் 7331-இன் மையப் புடைப்பு, முதிய நட்சத்திரங்களால் ஆனது, அதுவும் மறைந்திருந்தது. விகிதம் சரி.

நட்சத்திரங்களைச் சுற்றி மட்டும் கருப்பும் வெள்ளையுமாக மெல்லிய வளையங்கள் நின்றன. சிவப்பு ஃபில்டர் இரவுகளில் காற்று அமைதியாக இருந்ததால் நட்சத்திரங்கள் கூர்மை. ஹைட்ரஜன் இரவுகளில் சற்றுப் பருமன். கூர்மையான படத்தை மற்றதன் அளவுக்கு மங்கலாக்கிவிட்டுக் கழித்ததும் வளையங்கள் போயின. கூர்மையாக்குவதை விட்டு மங்கலாக்குவதா என்று மனம் ஒப்பாது. ஆனாலும் அளக்கும் படத்தில் இதுதான் முறை. செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் கருவிகளையும் இரைச்சல் நீக்கும் கருவிகளையும் இந்தப் படங்களின் பக்கமே விடவில்லை. 20 பிக்சல் அகலமுள்ள ஒரு கேலக்ஸிக்குள் எது தொலைநோக்கி கண்டது, எது மென்பொருள் வரைந்தது என்று பின்னால் பிரிக்க முடியாது.

என்ன தெரிந்தது

ஹைட்ரஜன் கழித்தல் படத்தில் 7331-இன் கைகள் நெடுக முடிச்சு முடிச்சாக ஒளிர்ந்தன. சாட்சி பேசிவிட்டது. கீழே குழு இருக்கும் இடத்தில் 7320 மட்டும் இருந்தது. அதன் நீள்வட்டத் தட்டின் மேல் சிதறிய சில புள்ளிகள், வடமேற்குப் பக்கம் கொஞ்சம் அதிகமாக. மற்ற நான்கின் இடமும் வெறுமை. கண்ணுக்கு ஐந்தாகத் தெரிந்த கூட்டத்தில் நான்கு இல்லாமல்போய், ஒன்று மட்டும் நிற்கிறது.

சல்ஃபர் கழித்தல் படம் மங்கல்தான், ஆனாலும் தலைகீழாக மாறியிருந்தது. 7319-இன் மையத்தில் ஒரு தெளிவான புள்ளி. இது சேஃபர்ட் வகைக் கேலக்ஸி, நடுவில் செயல்படும் கருந்துளை. அதன் ஹைட்ரஜனும் பக்கத்திலுள்ள நைட்ரஜன் கோடும் இந்த வேகத்தில் 671-க்கும் 673-க்கும் நகர்ந்து, இரண்டுமே ஃபில்டருக்குள் வருகின்றன. 7318பி-க்கு வடக்கே நட்சத்திரங்கள் புதிதாகப் பிறக்கும் பகுதி ஒரு சிறு கறை போலத் தெரிந்தது. 7318பி தன் தோழர்களைவிட விநாடிக்கு 900 கி.மீ. அளவு வேறுபட்ட வேகத்தில் குழுவுக்குள் பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மோதலின் அதிர்ச்சி அலை நம் பால்வெளியைவிட நீளமானது. அந்த அலையின் தடம் என் படத்தில் இருக்கிறது என்று துணிந்து சொல்ல மாட்டேன். 7318பி-யின் வேகத்துக்கு ஹைட்ரஜன் 668.9-இல் விழும், அது ஃபில்டரின் வாசற்படி.

இன்னொரு வரம்பும் உண்டு. 7320-இன் சொந்த சல்ஃபர் கோடுகள் லேசாக நகர்ந்து 673.4, 674.9 ஆகி இதே ஃபில்டருக்குள் நுழைகின்றன. அதனால் சல்ஃபர் படத்தில் 7320 முழுசாக மறையவில்லை, மெலிதாக மிஞ்சியது. ஹைட்ரஜன் படம் தரும் சான்று சுத்தமானது, சல்ஃபர் படம் தருவது துணைச் சான்று மட்டுமே.

கடைசியாக ஒரு சோதனை. ஃப்ரேம்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரண்டு தனித்தனி ஸ்டாக் செய்தேன். இரவு வாரியாகப் பிரித்தால் ஒரு பாதியில் நல்ல வானமும் மறுபாதியில் மோசமான வானமும் சேர்ந்துவிடும். மாற்றி மாற்றி எடுத்தால் இரண்டுக்கும் ஒரே நிலை. 7320-இன் புள்ளிகளில் பிரகாசமானவை இரண்டு பாதியிலும் அதே இடத்தில் இருந்தன. 7319-இன் மையமும் அப்படியே. 7318பி-க்கு வடக்கே உள்ள கறை இரண்டிலும் இருந்தது, ஆனால் வடிவம் ஒத்துப்போகவில்லை; ஆகவே இருப்பதை ஏற்கிறேன், வடிவத்தை ஏற்கவில்லை. லூமினன்ஸ் படத்துக்கும் இதே சோதனை வைத்தேன். 7319-இலிருந்து தென்கிழக்கே இழுபடும் வால் இரண்டு பாதியிலும் தேறியது. கிழக்கே தள்ளி நிற்கும் மங்கலான 7320சி-யும் தேறியது. முன்னொரு காலத்தில் குழுவின் ஊடாகப் போய் இந்த வால்களை இழுத்துவிட்டது இதுதான் என்று கருதப்படுகிறது. அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 6,000 கி.மீ.; அதைச் சேர்த்துக்கொண்டால் உண்மையான குழு மறுபடியும் ஐந்தாகிறது.

வேகம் வேறு, தொலைவு வேறு

வானியலாளர் ஹால்டன் ஆர்ப் எழுப்பிய ஆட்சேபத்தை இங்கே ஒதுக்கிவிட முடியாது. 7320-இன் செம்பெயர்ச்சி வேறு என்பதை அவர் மறுக்கவில்லை. செம்பெயர்ச்சி எப்போதும் தொலைவைக் காட்டும் என்பதைத்தான் மறுத்தார். அந்த வால் 7320-ஐத் தொடுவது போலத் தெரிவதை இணைப்பாகவே பார்த்தார். என் லூமினன்ஸ் படத்திலும் அது தொடுவது போலத்தான் தெரிகிறது. பின்னால் கடந்து போகும் வால் அப்படித்தான் தெரியும்.

ஃபில்டர் சோதனை இந்த இடத்தில் நின்றுவிடும். அது வேகத்தை மட்டும் காட்டுகிறது. தொலைவுக்கு முடிச்சுகளின் தோற்றத்தைப் பார்க்க வேண்டும். 3 விகலை என்பது 4 கோடி ஒளியாண்டில் 580 ஒளியாண்டு அகலம். 29 கோடியில் 4,200 ஒளியாண்டு. பெரிய நட்சத்திரப் பிறப்பிடங்கள் சில நூறு ஒளியாண்டு அகலம் கொண்டவை. ஆகவே அருகில் இருந்தால் அவை தனித்தனியாகச் சிதறித் தெரிய வேண்டும், தொலைவில் இருந்தால் ஒன்றோடொன்று கலந்துவிட வேண்டும். என் படத்தில் 7320-இன் முடிச்சுகள் பிரிந்தே நிற்கின்றன, 7331-இன் முடிச்சுகளின் அளவிலேயே. ஹப்பிள் படங்களில் 7320 தனித்தனி நட்சத்திரங்களாகவும் கொத்துகளாகவும் சிதறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தின் தொடக்கம் 150 மி.மீ. கண்ணாடியிலேயே தெரிந்துவிடுகிறது என்பது எனக்குப் பெரிய நிறைவு.

இதே முறையை அடுத்து வைத்துப் பார்க்க ஏற்றது கோமா பெரனிசெஸ் விண்மீன் பகுதியில் உள்ள ஹிக்சன் 61 என்ற கேலக்ஸிக் குழு. நான்கு கேலக்ஸிகள் பெட்டி போல அமைந்தது. அதில் என்ஜிசி 4173 மட்டும் விநாடிக்குச் சுமார் 1,100 கி.மீ. வேகம், மற்ற மூன்றும் 3,900-ஐ ஒட்டி. 4173-இன் ஹைட்ரஜன் 658.7-இல் விழும், 7 நானோமீட்டர் ஃபில்டரின் ஓரத்துக்குச் சற்று உள்ளே. மற்றவற்றின் ஹைட்ரஜன் 664.8-க்குப் போய் இரண்டு ஃபில்டர்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விழுந்துவிடும். அங்கே பாதிச் சோதனைதான் செய்ய முடியும். ஆனால் ஹைட்ரஜன் கழித்தலில் நான்கில் ஒன்று மட்டும், நீண்ட மெல்லிய கோடாக, நின்றாக வேண்டும்.